எந்தப் பேரேட்டில் அவள் பெயர்?

பெண்ணுரிமைப் போராட்டம் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவும் இங்கிலாந்தும்தான். கையில் பதாகை, தலையில் தொப்பி, தெருவில் ஊர்வலம்... பாடப்புத்தகத்தில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்கப் பெண்கள் 1848-ல் செனகா ஃபால்ஸ் மாநாட்டில் கோரிக்கையைத் தொடங்கி, 72 வருடம் போராடி, 1920-ல் அரசியலமைப்பின் 19-வது திருத்தம் மூலம் ஓட்டுரிமை பெற்றார்கள். அப்போதும் தென் மாநிலங்களில் இருந்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் தெரிந்த விஷயம்.

தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இதே போராட்டத்தின் கணிசமான பகுதி சென்னையிலும் வேலூரிலும் நடந்தது. அதன் மிச்சம் இன்றைக்கும் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்று கொண்டிருக்கிறது!

விடிந்தும் விடியாத நேரத்தில் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தோளில் பை, பையில் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கேத்தாண்டப்பட்டி, வாணியம்பாடி, விண்ணமங்கலம், ஆம்பூர் என்று வண்டி போகப் போக, ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் போகிற பெண்கள் ஏறி இறங்கிக் கொண்டே இருப்பார்கள். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் தனி. இவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அப்படியானால் சமத்துவம் வந்துவிட்டதா?

பதில் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. கணக்கியலில் 'பேரேடு' என்று ஒரு சொல் உண்டு. யார் பெயரில் எவ்வளவு என்று எழுதி வைக்கிற ஏடு. ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், பேரேட்டில் பெயர் இல்லை என்றால் கணக்கில் அவர் இல்லை. பெண்களின் நூறு வருடப் போராட்டத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், அது பெயரைப் பேரேட்டில் ஏற்றுவதற்கான போராட்டம். நான்கு பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

முதல் பேரேடு: வாக்காளர் பட்டியல்

1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அதே வருடம் டிசம்பரில், இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு அவரைச் சந்தித்தது. கோரிக்கை எளிமையானது. ஆண்களுக்கு எந்த விதிப்படி ஓட்டு தருகிறீர்களோ, அதே விதிப்படி பெண்களுக்கும் தாருங்கள்.

லண்டன் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 1919-ம் வருடச் சட்டம், மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அமெரிக்கப் பெண்களுக்கு ஒரே ஒரு வருடம் பின்னால்! சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டு கிடைத்தது 1971-ல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் பெருமை புரியும்.

ஆனால் இங்கேதான் ஒரு சூட்சுமம். ஓட்டுப் போட, சொத்து வேண்டும். குறிப்பிட்ட அளவு நிலமோ வரியோ கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பது அன்றைய விதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே விதிதான், சந்தேகமில்லை. ஆனால் சொத்து யார் பெயரில் இருந்தது? அப்பா பெயரில், அண்ணன் பெயரில், கணவன் பெயரில். ஆக, கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டை எடுத்துவிட்ட கதை. நூற்றில் ஒரு பெண்ணுக்குக்கூட ஓட்டு கிடைக்கவில்லை.

இருந்தாலும் கதவு திறந்தது திறந்ததுதான். 1926-ல் கமலாதேவி சட்டோபாத்யாய், அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூர்ப் பகுதியில் போட்டியிட்டு, சொற்ப ஓட்டில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் அங்கே தொடங்கிய போராட்டம், 1947-ல்தான் முழுச் சட்டமாக முடிந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் அவர் பதவியை ராஜினாமா செய்தார்.

அந்த 1930-ல்தான் வேலூர் இந்தக் கதைக்குள் வருகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்திலும் அதன் பிறகும் கைதான பெண்கள் பலரை அடைத்து வைத்த இடம் வேலூர் பெண்கள் சிறை. வேதாரண்யத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, துர்காபாய், எஸ். அம்புஜம்மாள், பிறகு 1942-ல் அம்மு சுவாமிநாதன் என்று பட்டியல் நீளும். கடலூர் அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாக இந்தச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையோடு மறுபடியும் சிறைக்குத் திரும்பினார்.

சிறையில் இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் தெரியுமா? 1937 தேர்தலில் ருக்மிணி லட்சுமிபதியும் அஞ்சலை அம்மாளும் சென்னைச் சட்டசபைக்குப் போனார்கள். ருக்மிணி துணைச் சபாநாயகர் ஆனார், 1946-ல் சுகாதார அமைச்சரும் ஆனார். அம்மு சுவாமிநாதனும் துர்காபாயும் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார்கள். அந்தச் சபையில் இருந்த பெண்கள் மொத்தம் 15 பேர். அவர்களில் இரண்டு பேர் வேலூர்ச் சிறையைப் பார்த்தவர்கள்!

1950-ல் அரசியலமைப்பு வந்தது. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், 21 வயது போதும், எல்லாருக்கும் ஓட்டு. ஆனால் பேரேட்டுப் பிரச்சனை அப்போதும் தீரவில்லை. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டுமே எழுத வைத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பலர் சொந்தப் பெயரோடு பட்டியலுக்கு வந்தார்கள். ஓட்டு என்பது இன்னாருடைய மனைவிக்கு அல்ல, ஒரு ஆளுக்கு என்பது அப்போதுதான் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது பேரேடு: பத்திரமும் பட்டாவும்

ஓட்டுக்குச் சொத்து தேவையில்லை என்று ஆனது. சரி, சொத்து?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு அது ஒரு காகிதத் தீர்மானம் மட்டுமே. கேட்டுச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

1937-ல் வந்த மத்தியச் சட்டம், இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது. ஆனால் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. விதவை, சொத்துக்குக் காவல்காரி மாதிரி. அம்பேத்கர் கொண்டு வந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மகளுக்கும் பங்கு என்றது. எதிர்ப்பு பலமாக இருந்தது. மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதும் 1951-ல் அவர் அமைச்சர் பதவியை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது. பெண்ணின் சொத்து முழுமையாகப் பெண்ணுடையது என்றும் ஆனது. ஆனால் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகன் மட்டுமே பிறப்பால் பங்காளி. மகள் பங்காளி இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 1937-ம் வருட ஷரியத் சட்டம். மகளுக்கு மகனின் பங்கில் பாதி. பாதியாவது எழுதி வைத்த உரிமையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாய நிலம் சேரவில்லை. சென்னை மாகாணம் 1949-ல் திருத்தம் கொண்டு வந்து விவசாய நிலத்தையும் அதில் சேர்த்தது.

செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு 60 வருடம் கழித்து, 1989-ல் தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பங்காளி. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் கிடையாது! ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்கிற நிலைமை வந்தது. 2005-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் திருத்தம் கொண்டு வந்து இந்தக் கல்யாணக் கணக்கை நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகள் பிறப்பாலேயே பங்காளி என்று தெளிவாகச் சொன்னது.

சட்டம் முடிந்துவிட்டது. ஆனால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்னொரு கதை நடக்கிறது. அதன் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. "அதான் சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே, அண்ணன்கிட்ட போய் பங்கு கேப்பியா? நாளைக்குத் தாய்வீட்டுக்கு வர வேணாமா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 1929-லிருந்து 2020 வரை 91 வருடம் போராடி வாங்கியதை, ஒரு சாயங்காலப் பேச்சில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். விருப்பப்பட்டுக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கொடுக்காவிட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தில் கொடுப்பது விருப்பமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது பேரேடு: கூலிப் பதிவேடு

பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை, ரயில் பாதை. இந்த மூன்றையும் வைத்து வளர்ந்ததுதான் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழில். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை போட்டபோது ஜோலார்பேட்டை ஜங்ஷன் ஆனது. தோல் பதனிடும் கூடங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் வேலை செய்தார்கள். பல வீடுகளில் பெண்களுக்குக் கிடைத்த கூலி வேலை பீடி சுற்றுவது. வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு.

1970-களில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்யாதே, முழுப் பொருளாகச் செய்து அனுப்பு என்றது. தோல் ஏற்றி அனுப்பிய ஊர்கள் ஷூ தைக்க ஆரம்பித்தன. ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்க மெஷினில் உட்காரப் பொறுமையும் விரல் நுணுக்கமும் வேண்டும் என்றார்கள். பெண்களைக் கூப்பிட்டார்கள். குறைந்த கூலிக்கு வருவார்கள், சங்கம் வைத்துச் சண்டை போட மாட்டார்கள் என்ற கணக்கும் அதில் சேர்ந்தே இருந்தது. இன்றைக்கு இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். திருப்பூர் பனியனோடு ஆம்பூர் ஷூவுக்கும் அதில் பங்கு உண்டு.

கம்பெனி வேலை வந்ததும், பெண்ணின் பெயர் முதல் முறையாக ஒரு கூலிப் பதிவேட்டில் ஏறியது. பெயர் ஏறியதால் பி.எஃப். வந்தது, இ.எஸ்.ஐ. வந்தது, 1961-ம் வருடச் சட்டப்படி பிரசவ விடுப்பு வந்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டம். 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. பாதுகாப்பும் போக்குவரத்தும் கொடுத்து வேலை கொடுங்கள், பெண் என்பதற்காக வேலையை மறுக்காதீர்கள் என்பதே அதன் சாரம். இந்தச் சட்டங்கள் எல்லாம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற விதி அதிலும் தொடர்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'ஒரே வேலை'க்குத்தானே ஒரே சம்பளம்? வேலையையே பிரித்துவிட்டால்? தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் பெரும்பாலும் ஆண்கள், தையலிலும் ஒட்டுவதிலும் பெரும்பாலும் பெண்கள். ஆணும் பெண்ணும் செய்யும் வேலைகளுக்கு வேறு வேறு பெயர். சட்டமும் மீறப்படாது, சம்பளமும் சமம் ஆகாது. அமெரிக்காவில் 1963-லேயே சம ஊதியச் சட்டம் வந்தும் அங்கே சம்பள இடைவெளி மூடாததற்கு இதுவும் ஒரு காரணம்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் பெண்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள தெருக்களில், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊசியும் தடிமனான நூலுமாக ஷூ அப்பரைக் கையால் தைக்கும் பெண்களைப் பார்க்கலாம். இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டு வந்து கொடுப்பார், தைத்ததும் வாங்கிப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஷூ ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். தைத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கம்பெனிக்கு இடத்து வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானம், மேற்பார்வை எல்லாம் ஓவர்ஹெட் செலவு. வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இடம் அவளுடையது, விளக்கு அவளுடையது, கண்வலியும் முதுகுவலியும் அவளுடையது. செலவு மறையவில்லை, வேறு கணக்குக்கு மாறியிருக்கிறது. அந்தக் கணக்கை எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஒரு ஒப்பந்தமே கொண்டு வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனால் இதே மண்ணில் பீடி சுற்றும் பெண்களுக்கு 1966-ல் தனிச் சட்டமும் 1976-ல் நலநிதியும் கிடைத்தன. வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் அடையாள அட்டை உண்டு. பீடிக்கு முடிந்தது ஷூவுக்கு ஏன் முடியாது?

நான்காவது பேரேடு: பதவிப் பலகை

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் சுவரில் ஒரு பலகை இருக்கும். இதுவரை இருந்த தலைவர்களின் பெயரும் வருடமும். 1996-க்கு முன்னால் பெரும்பாலும் ஆண் பெயர்கள்தான். அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்களுக்குப் பிறகு, 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016-ல் தமிழ்நாடு அதை 50 சதவீதமாக உயர்த்தியது. 2019-ல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அந்த ஒதுக்கீட்டோடு நடந்தது.

"பேருக்குத்தான் அந்தம்மா தலைவர், எல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான்" என்று கிண்டல் செய்வது வழக்கம். பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் 'பேருக்கு' என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. செக்கில் கையெழுத்து அந்தம்மாவுடையது. முதல் இரண்டு வருடம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர், மூன்றாவது வருடம் "இது எதுக்கு?" என்று கேட்பார். 1989-ல் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இதுதான் நடந்தது. சிறு சேமிப்பில் தொடங்கியவர்கள், பேங்க் மேனேஜரிடம் நேராகப் பேசக் கற்றுக் கொண்டார்கள். 2016-ல் வாணியம்பாடித் தொகுதியில் வென்று தொழிலாளர் துறை அமைச்சரான நிலோபர் கபில், அதற்கு முன்பு வாணியம்பாடி நகராட்சித் தலைவராக இருந்தவர். கீழே ஒரு படி இருந்தால்தான் மேலே ஏற முடியும்.

மேலே படிகள் குறைவு என்பதும் நிஜம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் சுமார் 10 லட்சம் அதிகம். ஆனால் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும் 106-வது திருத்தம் 2023-ல் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையோடு. கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டு பிறகு வரும் என்று சொன்ன 1921 நினைவுக்கு வருகிறதா?

இருப்பு என்ன?

வரவு செலவு பார்த்து முடிப்போம். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. பத்திரத்தில் சட்டப்படி ஏறிவிட்டது, நடைமுறையில் விடுதலைப் பத்திரம் அதை அழித்துக் கொண்டிருக்கிறது. கூலிப் பதிவேட்டில் கம்பெனிக்குள் இருப்பவர் பெயர் இருக்கிறது, வீட்டு வாசலில் தைப்பவர் பெயர் இல்லை. பதவிப் பலகையில் ஊராட்சி வரை பெயர் இருக்கிறது, கோட்டை வரை போகவில்லை.

கவனித்தால் ஒன்று தெரியும். இந்தப் பேரேடுகள் தனித்தனி இல்லை. 1921-ல் சொத்து இல்லாததால் ஓட்டு இல்லை. இன்றைக்கு நிலம் பெயரில் இல்லாததால் பேங்கில் அடமானம் வைத்துப் பெரிய கடன் வாங்க முடியவில்லை, கடன் இல்லாததால் சொந்தமாக ஒரு யூனிட் போட முடியவில்லை, கடைசியில் ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிதான். அமெரிக்காவிலேயே 1974-ல் சமக் கடன் சட்டம் வரும் வரை, பல பேங்குகள் மனைவிக்குக் கடன் கொடுக்கக் கணவன் கையெழுத்தைக் கேட்டன. ஓட்டு வாங்கி 54 வருடம் கழித்து! ஓட்டும் காசும் ஒரே வண்டியின் இரண்டு மாடு. ஒன்றை மட்டும் ஓட்டினால் வண்டி நேராகப் போகாது.

நண்பர்களே, இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி வீட்டுப் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, பேங்க் பாஸ்புக், கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வையுங்கள். அம்மாவின் பெயர் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் இருக்கலாம். பத்திரத்திலும் பட்டாவிலும்?

அங்கே இல்லையென்றால், செங்கல்பட்டுத் தீர்மானம் உங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.